மெழுகில் கீறிய எண்

பெங்களூரில் அவென்யூ ரோடிலிருந்து சிக்பேட்டை வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடைபாதையில் எதுவும் விலைக்குக் கிடைக்கும். ஒற்றைச் செருப்பு, உடைந்த டைப்ரைட்டர், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம். அந்தக் குவியல்களுக்கு நடுவே சில வாரங்களில் பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளும் வரும். அப்படி ஒருநாள் நான் எடுத்துப் பார்த்த தட்டில் லேபிள் இல்லை. பூச்சி அரித்தது போக வட்டத்தின் ஓரத்தில் நகத்தளவு காகிதம்தான் மிச்சம். அதில் ‘மிஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். மிஸ் யார் என்ற விவரம் பூச்சியின் வயிற்றுக்குள் போயிருந்தது.

"லேபிள் இல்லேன்னா பாட்டு பாடாதா சார்? எம்பது ரூபா குடுங்க" என்றார் கடைக்காரர்.

தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான இடைவெளியில் சில எண்களும் ஓர் எழுத்தும் மங்கலாகத் தெரிந்தன. அது என்ன என்று கேட்டபோது அவர் அலட்சியமாகச் சொன்னார்: "கம்பெனிக்காரன் ஏதோ கிறுக்கியிருக்கான்."

அந்தக் கிறுக்கலுக்காகத்தான் எண்பது ரூபாய் கொடுத்தேன். அது இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைத் தேட வேறு வழியே இல்லை.

இசைத்தட்டில் இரண்டு விதமான எண்கள் உண்டு. லேபிளில் அச்சடித்திருப்பது கேட்டலாக் எண். அது கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் உரியது. விற்பனைக்கு வந்த சரக்கின் எண். ஹெச்.எம்.வி.யின் ‘என்’ வரிசை, கொலம்பியாவின் ‘ஜி.இ.’ வரிசை என்று பழைய சினிமாப் பாட்டு ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்களே, அது இதுதான். இரண்டாவது, லேபிளுக்கு வெளியே தட்டிலேயே பதிந்திருப்பது. இதை மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். இது சரக்கின் எண் அல்ல, ஒலிப்பதிவின் எண். ஒரு பாடகர் ஒருநாள் ஓர் அறையில் நின்று பாடிய அந்த மூன்று நிமிடத்துக்கு இட்ட எண்.

இது எப்படித் தட்டில் ஏறியது? அந்தக் காலத்தில் பாட்டை முதலில் பதிந்தது கனமான மெழுகுத் தட்டில். பாடி முடித்ததும் ஒலிப்பதிவாளர் ஒரு கூரிய கம்பியால் மெழுகின் ஓரத்தில் வரிசை எண்ணைக் கீறி வைப்பார். அந்த மெழுகின் மேல் உலோகப் பூச்சு ஏற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. கடைசி அச்சை வைத்து அரக்குக் கலவையை அழுத்தினால் தட்டு தயார். (அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்து போனதுதான்.) பாட்டு எப்படி அச்சுக்கு அச்சு மாறாமல் வந்ததோ, அப்படியே அந்தக் கீறலும் வந்தது. லேபிளை மாற்றி ஒட்டலாம். பெயரைத் தப்பாக அச்சடிக்கலாம். மெழுகில் கீறியதை மாற்றுவது சுலபமில்லை.

இந்த முறை உலகமெங்கும் பரவிய கதையில் ஒரு மனிதர் எல்லா இடத்திலும் தென்படுகிறார். ஃபிரெட் கைஸ்பெர்க் என்ற அமெரிக்கர், லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர். 1902 ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகரத்தில் ஒரு ஓட்டல் அறையில் கருவிகளை நிறுத்தி வைத்து, அப்போதுதான் புகழ் பெற்றுக்கொண்டிருந்த என்ரிக்கோ கரூசோ என்ற ஆப்பரா பாடகரைப் பாட வைத்தார். பத்துப் பாட்டு, நூறு பவுண்டு. அதே கைஸ்பெர்க் அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் இருந்தார். அங்கேயும் ஓட்டல் அறை, அதே மாதிரி தகரக் குழல், அதே மெழுகு. பாடியவர் கௌஹர் ஜான். ஆப்பராவும் இந்துஸ்தானியும் ஒரே மனிதரின் கையால் ஒரே வருஷத்தில் மெழுகில் ஏறின.

கல்கத்தாவில் பதிந்த மெழுகுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போயின. அங்கே தட்டை அச்சிடும் தொழிலாளிக்கு இந்தப் பாட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் அந்தக் கால இந்தியத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவரே உரத்த குரலில் தன் பெயரைச் சொல்கிறார். "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்ற அந்த ஆங்கில வாக்கியத்தைக் கேட்டு இப்போது நாம் புன்னகைக்கிறோம். அது ஆடம்பரமில்லை, ஒரு அடையாளச் சீட்டு. எண் ஓரத்தில், பெயர் கடைசியில். இரண்டும் ஒரே காரணத்துக்காக.

கம்பெனி ஒவ்வொரு தட்டுக்கும் எண் கொடுத்த விதத்தில் ஒரு கணக்கு இருந்தது. எண்ணின் முதல் இலக்கம் மொழியை அல்லது பிரதேசத்தைச் சொல்லும். பிரெஞ்சுக்கு 3, ஜெர்மனுக்கு 4, இத்தாலிக்கு 5. இரண்டாவது இலக்கம் பாட்டின் வகை. 2 என்றால் ஆண் குரல், 3 என்றால் பெண் குரல். ஆகவே 52 என்று தொடங்கும் தட்டு இத்தாலிய மொழியில் ஓர் ஆண் பாடியது. கரூசோவின் முதல் தட்டுகள் அந்த வரிசையில் வந்தன. 53 என்றால் இத்தாலியப் பெண் குரல். 1 என்ற இலக்கம் கீழ்த்திசை நாடுகளுக்கு. 12 என்றால் நம் பக்கத்து ஆண், 13 என்றால் நம் பக்கத்துப் பெண். ஹானோவர் தொழிலாளிக்குத் தமிழுக்கும் தெலுங்குக்கும் வங்காளிக்கும் சீனத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை. எல்லாம் ஒன்று. இத்தாலிக்குத் தனி இலக்கம், ஆசியா முழுவதற்கும் ஒரே இலக்கம் என்பதில் அந்தக் காலத்து உலக வரைபடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆப்பரா ரசிகர்கள் இந்த எண்களை ஏன் வேதம் போல ஓதுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். லியோன்கவாலோவின் ‘பல்யாச்சி’ ஆப்பராவில் கோமாளி வேஷக்காரன் அழுதுகொண்டே பாடும் புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. கரூசோ அதை மூன்று முறை பதிந்தார். 1902ல் மிலானில் பியானோ துணையுடன். அதன் எண் 52440. 1904ல் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக, மறுபடி பியானோ, எண் 81032. 1907ல் அதே கம்பெனிக்கு வாத்தியக் குழுவுடன், எண் 88061. பாட்டு ஒன்று, பாடகர் ஒருவர், லேபிளில் பெயரும் ஒன்று. 1902ல் பாடியவர் இளைஞர். 1907ல் பாடியவர் தன் குரலின் பலத்தை முழுவதும் அறிந்தவர். எண்ணைச் சொல்லாமல் "கரூசோ பாடிய பாட்டு" என்று சொன்னால் எந்தக் கரூசோ என்று கேட்க வேண்டியிருக்கும். பின்னாளில் மரியா காலஸ் ‘டோஸ்கா’வை 1953ல் ஒருமுறையும் 1964ல் ஒருமுறையும் முழுமையாகப் பதிந்தார். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்கள் உலகமெங்கும் உண்டு.

முழு ஆப்பராவைத் தட்டில் ஏற்றுவது இன்னும் பெரிய கூத்து. ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். 1903ல் வெர்டியின் ‘எர்னானி’யை இத்தாலியில் பதிந்தபோது ஒரு பக்கம் மட்டும் பாடும் 40 தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை வரிசை குலையாமல் அடுக்க எண்ணைத் தவிர வேறு துணை ஏது? நம் ஊரில் 1930களில் வந்த நாடக ‘செட்’டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வள்ளியும் கோவலனும் பல தட்டுகளில் பிரிந்து வந்தார்கள். நடுவில் ஒரு தட்டு உடைந்தால் வள்ளி காட்டிலேயே நின்றுவிடுவாள். மேல்நாட்டு ஆப்பராவுக்கு நிகராக நம்மிடம் இருந்தது சங்கரதாஸ் சுவாமிகள் வகை இசை நாடகம்தான். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நம்முடைய ஆப்பரா நட்சத்திரங்கள். 1933ல் 27 வயதில் இறந்துபோன கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டுகளில் மட்டுமே நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.

எண்ணுக்குள் விஷயத்தை ஒளித்து வைப்பது நமக்கு அன்னியமான வித்தையும் அல்ல. கர்நாடக இசையில் 72 மேளகர்த்தா ராகங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் கடபயாதி முறைப்படி பெயரின் முதல் இரண்டு எழுத்துகளில் வரிசை எண்ணைப் புதைத்தார்கள். கல்யாணி என்ற பெயருக்கு முன்னால் ‘மேச’ என்று ஒட்டியிருப்பது அர்த்தத்துக்காக அல்ல. ‘ம’வுக்கு 5, ‘ச’வுக்கு 6. தலைகீழாகப் படித்தால் 65. கல்யாணி 65வது மேளம். சங்கராபரணத்துக்கு முன்னால் ‘தீர’ வந்ததும் அதே காரணம்தான். 9, 2, திருப்பினால் 29. பெயரைச் சொன்னாலே எண் வந்து நிற்கும். ஜவுளிக் கடைகளில் துணியோடு தைத்த சீட்டில் கொள்முதல் விலையை எழுத்துகளாகக் குறித்து வைப்பதும் இந்த வம்சம்தான்.

அந்த ஜவுளிக் கடைக்காரரின் மூளை கிராமபோன் கம்பெனியிலும் வேலை செய்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹேய்ஸ் என்ற ஊரில் இருந்த ஆலையில் அச்சான தட்டுகளில் எத்தனையாவது உலோக அச்சு என்பதை எண்ணாக எழுதவில்லை. ‘கிராமபோன் லிமிடெட்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் உள்ள பத்து எழுத்துகளை எண்களுக்குப் பதிலாக வைத்துக்கொண்டார்கள். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8, அப்புறம் வரும் டி 9, கடைசி டி பூஜ்யம். (ஆங்கிலத்தில் இரண்டு டியும் வெவ்வேறு எழுத்து. தமிழில் எழுதினால்தான் குழப்பம்.) லேபிளைச் சுற்றி ‘ஜிஆர்’ என்று இருந்தால் 12வது அச்சு. எழுத்து குறைவாக இருந்தால் முதல் அச்சுகளில் ஒன்று. பழைய தட்டு வியாபாரிகள் பூதக்கண்ணாடியோடு அலைவது ஏன் என்று இப்போது புரியும்.

இதோடு தீரவில்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவாளருக்கும் தனி எழுத்துகள் ஒதுக்கியிருந்தார்கள். எண்ணின் கடைசியில் உள்ள எழுத்தைப் பார்த்தால் கருவிக்குப் பின்னால் நின்றவர் யார் என்றும், தட்டின் அளவு ஏழு அங்குலமா பத்தா பன்னிரண்டா என்றும் தெரிந்துவிடும். பாடகர் ஒரே பாட்டை இரண்டு மூன்று தடவை பாடினால் எத்தனையாவது தடவை என்பதற்கு ஒரு சிறு குறி. 1925க்குப் பிறகு மைக்கும் மின்சாரமும் வந்ததும் ஹெச்.எம்.வி. எண்ணின் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணம் சேர்ந்தது. கருவியை மாற்றியதும் முக்கோணம் சதுரமானது. ஒரு விரலகல இடத்தில் ஊர், ஆள், அளவு, தடவை, கருவி எல்லாம்.

இனி மைசூர். ஆப்பரா, இசைத்தட்டு, கர்நாடகம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமானால் ஜெயசாமராஜ உடையாரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். 1919ல் பிறந்து 1974ல் மறைந்த கடைசி மைசூர் மகாராஜா. 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாகாணத்துக்கு கவர்னராகவும் இருந்தவர். ஸ்ரீவித்யா உபாசகர், 94 கீர்த்தனைகள் இயற்றியவர். மேல்நாட்டு சங்கீதத்தையும் அதே தீவிரத்தோடு கற்றவர். அவரிடம் சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். ஹெச்.எம்.வி.க்கும் கொலம்பியாவுக்கும் ஆப்பரா தட்டுகளைத் தயாரித்த வால்டர் லெக் என்ற ஆங்கிலேயர் மைசூருக்கு வந்து பார்த்துவிட்டு, மகாராஜாவின் இசைத்தட்டு நூலகத்தையும் ஒலிபெருக்கிகளையும் பியானோக்களையும் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். லண்டனில் வறுமையில் இருந்த ருஷ்ய இசை மேதை நிகொலாய் மெட்னரின் படைப்புகளை அவர் வாசிப்பிலேயே பதிய 1940களின் கடைசியில் பணம் கொடுத்தவர் இந்த மகாராஜா. மெட்னர் தன் மூன்றாவது பியானோ கச்சேரிப் படைப்பை அவருக்குக் காணிக்கையாக்கினார். பிலார்மோனியா கச்சேரி சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு கடைசிப் பாடல்கள்’ முதல்முறையாக அரங்கேறின. ஸ்ட்ராஸ் அதற்கு முந்தின ஆண்டுதான் இறந்திருந்தார். பாடியவர் ஆப்பரா உலகின் மகாராணியான கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர். அந்தக் கச்சேரிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா. அவரால் நேரில் போக முடியாது. அதனால் அவருடைய சேகரிப்புக்காகவே கச்சேரியைத் தட்டில் பதிந்து மைசூருக்கு அனுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான அரங்கேற்றங்களில் ஒன்று இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறதென்றால் மைசூரில் ஒருவர் அதைக் கேட்க விரும்பியதே காரணம்.

கவனிக்க வேண்டியது, அது கடைக்கு வந்த தட்டு அல்ல. ஆகவே கேட்டலாக் எண் இல்லை. எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. பல ஆண்டுகள் தேய்ந்த, இரைச்சலான பிரதிகளாகவே உலவியது. எண் இல்லாத ஒலிப்பதிவு பதிவு செய்யாத குழந்தை மாதிரி. இருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்.

இதெல்லாம் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்கலாம். மூன்று விஷயங்களில் நமக்கும் இதில் பங்கு உண்டு.

முதலாவது சுருதி. 78 ஆர்.பி.எம். என்று பெயர்தான், ஆரம்ப காலத் தட்டுகள் நிமிஷத்துக்கு 70லிருந்து 80 சுற்று வரை பல வேகத்தில் பதிந்தவை. 74 சுற்றில் பதிந்த தட்டை 78ல் ஓட விட்டால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை கூடிவிடும். குரலும் மெலிந்து, பிருகாக்கள் பறக்கும். "அந்தக் காலத்தில் எவ்வளவு உச்சத்தில் பாடியிருக்கிறார்கள்!" என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு பாடகருக்கு, ஒரு பங்கு தப்பான வேகத்துக்கு. சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மேட்ரிக்ஸ் எண்கள் அடுத்தடுத்து இருந்தால் அவை பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே கருவியில் பதிந்தவை. அவற்றில் ஒரு தட்டில் ஹார்மோனியம் ஒலித்தால் ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கு பக்கத்து எண்களுக்கும் பொருந்தும். எண் இல்லாவிட்டால் காதை மட்டும் நம்ப வேண்டியதுதான்.

இரண்டாவது சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1950ல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2010 கடைசியோடு முடிந்துவிட்டது. (பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை வேறு கணக்கு. அவர்கள் இறந்த பிறகு 60 வருஷம்.) ஆனால் பழைய தட்டுகளின் லேபிளில் பெரும்பாலும் வருஷமே இருக்காது. பேரன் தன் பாட்டியின் பாட்டை இணையத்தில் ஏற்றுகிறான், யாரோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அது தன்னுடையது என்று மறிக்கிறது என்றால், பேரனிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த எண்தான். அதை வைத்துத்தான் வருஷத்தை நிரூபிக்க முடியும்.

மூன்றாவது மரியாதை. லேபிள்கள் நம் கலைஞர்களை நடத்திய விதம் அவ்வளவு கௌரவமானது அல்ல. பெயரை ஆங்கிலத்தில் இஷ்டத்துக்கு எழுதினார்கள். தேவதாசி மரபுப் பெண்களுக்கு முன்னால் ஒரு ‘மிஸ்’. தொழில்முறைப் பாடகர் அல்ல என்று காட்டிக்கொள்ள விரும்பியவர்களுக்குப் பின்னால் ‘அமெச்சூர்’. வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்களுக்குப் பல தட்டுகளில் பெயரே கிடையாது. ஆரம்பத்தில் ஒரு பக்கத் தட்டாக வந்த பாட்டுகள், 1908ல் கல்கத்தா சியால்டாவில் ஆலை தொடங்கிய காலத்தில் இரண்டு பக்கத் தட்டுகளாக மறுபிறவி எடுத்தபோது புது கேட்டலாக் எண்களோடு வந்தன. ஒரே பாட்டுக்குப் பல பெயர், பல எண். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய கயிறு மாறாத அந்த மேட்ரிக்ஸ் எண்தான். மைக்கேல் கின்னியர் என்ற ஆராய்ச்சியாளர் கிராமபோன் கம்பெனியின் முதல் இந்திய ஒலிப்பதிவுகளை எண் எண்ணாகப் பட்டியலிட்டு 1994ல் புத்தகமாக்கினார். மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் சங்கம், சென்னையின் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள், பெங்களூர்க்காரரான விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம் என்று பலரது உழைப்பும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததே. சம்பத் வாழ்க்கை வரலாறு எழுதிய கௌஹர் ஜான் 1928ல் மைசூர் அரண்மனை வித்வாம்சினியாக வந்து, 1930 ஜனவரியில் மைசூரிலேயே இறந்தார். கல்கத்தாவில் உரக்கச் சொன்ன பெயர் கடைசியில் நம் பக்கத்து ஊரில் வந்து அடங்கியது.

இன்றைய ஒலிப்பதிவுகளுக்கும் எண் உண்டு. ஐ.எஸ்.ஆர்.சி. என்ற சர்வதேசக் குறியீடு 1986ல் வந்தது. மொத்தம் 12 இடங்கள். முதலில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, இந்தியாவுக்கு ஐ.என்.; பிறகு பதிவு செய்தவருக்கு மூன்று, வருஷத்துக்கு இரண்டு, வரிசைக்கு ஐந்து. 52440க்கும் இதற்கும் குணத்தில் வித்தியாசமில்லை. ஒரு ஒலிப்பதிவுக்கு ஒரு எண். ஒருமுறை கேட்டால் பாடியவர் கணக்கில் ஒரு பைசாவாவது சேருவது இந்த எண்ணின் தயவால்தான்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அந்த இரண்டு இலக்க வருஷம், எண் கொடுத்த வருஷம். பாடிய வருஷம் அல்ல. 1930களின் தட்டு 2009ல் குறியீடு வாங்கினால் அதில் 09 என்றுதான் இருக்கும். பாட்டு கேட்கும் செயலியைத் திறந்து பாருங்கள். நூறு வயதான குரல்களுக்குப் பக்கத்தில் நேற்றைய வருஷம் நிற்கும். பாடியவர் என்ற இடத்தில் ‘பலர்’ என்று இருக்கும். ஆப்பரா ரசிகர்கள் இதையே வேறு விதமாக அனுபவிக்கிறார்கள். இயற்றியவரையும் பாடியவரையும் நடத்தியவரையும் ஒரே கட்டத்தில் போட்டுப் பிசைந்து வைத்திருப்பார்கள். நம் கச்சேரிகளில் வயலின் வித்வானும் மிருதங்க வித்வானும் லேபிளிலும் இல்லை, செயலியிலும் இல்லை. நூறு வருஷத்தில் கருவி மாறியது, அலட்சியம் மாறவில்லை.

அதைவிட மோசம் நாமே செய்வது. வீட்டில் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த தட்டை ஆர்வத்தோடு கணினியில் ஏற்றுகிறோம். ‘அபூர்வப் பாடல்’ என்று தலைப்பு வைக்கிறோம். லேபிளையும் எண்ணையும் படமெடுப்பதில்லை. பிறகு தட்டு உடைந்துவிடுகிறது, அல்லது சிக்பேட்டை நடைபாதைக்குப் போய்விடுகிறது. குரல் பிழைத்தது, முகவரி செத்துவிட்டது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்?

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய தட்டு வைத்திருப்பவர்கள் அதை ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு பக்க லேபிளையும் படமெடுங்கள். விளக்கைச் சாய்த்து வைத்து, லேபிளுக்கு வெளியே உள்ள எண்ணையும் எழுத்தையும், கோடு புள்ளி முக்கோணம் உட்பட ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும், பாட்டும் எண்ணும் சேர்ந்தே போகும். ஆகும் நேரம் தட்டுக்கு ஐந்து நிமிடம்.

என் எண்பது ரூபாய் தட்டின் எண்ணை மும்பையில் உள்ள ஒரு சேகரிப்பாள நண்பருக்கு அனுப்பினேன். அவருடைய பட்டியலில் முன்னாலும் பின்னாலும் உள்ள எண்கள் இருக்கின்றன. அவை தென்னிந்தியப் பதிவுகள். நடுவில் இந்த ஓர் எண் மட்டும் காலியாக இருந்தது. இதுவரை யாரும் பார்த்திராத தட்டு என்று எழுதியிருந்தார். கடைசிப் பள்ளங்களில் அந்தப் பெண் தன் பெயரைச் சொல்கிறார். முள் அங்கே வரும்போது தேய்மானத்தின் இரைச்சல் எழுந்து பெயரின் முதல் பாதியை விழுங்கிவிடுகிறது. ‘...ம்மாள்’ என்று முடிவது மட்டும் கேட்கிறது.

நண்பர் பட்டியலில் காலியாக இருந்த கட்டத்தில் எண்ணையும் அந்த மூன்றெழுத்தையும் எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு வீட்டில், லேபிள் கிழியாத இன்னொரு பிரதி இருக்கலாம். இருந்தால், அதன் சொந்தக்காரர் எண்ணைப் படித்துச் சொன்ன அன்றைக்கு அந்த அம்மாளுக்குப் பெயர் கிடைத்துவிடும்.